அடிமனை ஒருவருக்கு, வீடு ஒருவருக்கு

ஐதராபாத் நகரின் கிழக்குப் புறத்தில், உப்பலுக்கும் தார்நாக்காவுக்கும் அண்மையில் அமைந்த நாச்சாரத்தைத் தொழிற்பேட்டை என்ற அளவில் பலரும் அறிவார்கள். அங்கும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் வேலையை முன்னிட்டு வந்து நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களில் சிலருக்குச் சென்னையில் பாட்டனார் கட்டிய வீடு ஒன்று இன்னும் இருக்கும். சார்மினார் எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம் செய்தால் சேர்ந்துவிடும் தொலைவுதான். ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பதே அரிது. வீட்டில் வாடகைக்கு யாரோ இருப்பார்கள். வாடகை மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வந்து சேரும். பத்திரமோ இரும்புப் பெட்டியின் அடியில் மடித்த மடிப்புக் கலையாமல் கிடக்கும். அதை ஒருநாள் எடுத்து வாசிக்கும் பேரனுக்குத் திடுக்கிடும் செய்தி ஒன்று அதில் காத்திருக்கக்கூடும். வீடுதான் பாட்டனாருடையது, வீடு நிற்கும் மனை அவருடையதன்று. அது 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கியது.

நேயர்களே, இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: குத்தகை மனையில் நிற்கும் குடியிருப்பு வீட்டுக்குக் காலத்தை நீட்டித்துக் கொள்வது எவ்வாறு, எப்போது, எவரிடத்தில் என்பது. பேச்சுக்கு ஓர் உருவம் வேண்டுமாதலால் ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். 1931ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று பாட்டனார் மயிலாப்பூர்ப் பக்கத்தில் ஒரு மனையை 99 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தார். அடுத்த ஆண்டே வீடு கட்டிக் குடிபுகுந்தார். மகன் அந்த வீட்டில் பிறந்தார். பேரன் நாச்சாரத்தில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறார். கணக்கிட்டுப் பார்த்தால் 2030ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாளோடு அந்தக் குத்தகை முடிந்துவிடுகிறது. பாட்டனார் கையொப்பமிட்ட நாளில் 99 ஆண்டு என்பது முடிவே இல்லாத காலம்போல் தோன்றியிருக்கும். பேரனுக்கோ அது நாட்காட்டியில் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நிற்கிறது.

சொற்களைப் பற்றி முதலில் சிறிது தெளிவு செய்துகொள்வது நலம். ஏனெனில் இத்துறையில் குழப்பத்தில் பாதி சொல்லிலிருந்து பிறக்கிறது. சென்னையில் இன்று ‘வீட்டை லீசுக்கு எடுத்திருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், பெருந்தொகை ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இரண்டோ மூன்றோ ஆண்டு குடியிருந்து, போகும்போது அந்தத் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதையே குறிக்கிறார். அது போக்கியம், சில ஊர்களில் ஒத்தி என்பார்கள். நாம் பேசுவது அதையன்று. கிராமத்தில் குத்தகை என்றால் நெல் விளையும் வயல் நினைவுக்கு வரும்; அதுவும் அன்று. நிலம் ஒருவருடையதாக இருக்க, அதன்மேல் மற்றொருவர் தம் பணத்தில் வீடு கட்டி, நிலத்துக்கு மட்டும் ஆண்டுக்கோ மாதத்துக்கோ ஒரு தொகை செலுத்திவரும் ஏற்பாட்டையே இங்குக் கருதுகிறோம். அந்த நிலத்தைச் சென்னையில் அடிமனை என்றும், அதற்குக் கொடுப்பதைத் தரை வாடகை என்றும் வழங்குவர்.

குத்தகைக் காலம் முடிந்தால் என்ன ஆகிறது? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. குறித்த காலம் கழிந்ததும் குத்தகை தானே முடிந்துபோகிறது; அதற்கு அறிவிப்புக்கூடத் தேவையில்லை. கட்டிய வீட்டின் கதி என்ன என்று கேட்டால், மனை தம் கைவசம் இருக்கும்வரை அதன்மேல் தாம் எழுப்பியவற்றைக் குத்தகைதாரர் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் மனையைப் பெற்ற நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். தேக்குக் கதவையும் உத்திரத்தையும் பெயர்த்துச் செல்லலாம். கூடத்தையும் திண்ணையையும் எவ்வாறு எடுத்துச் செல்வது? சட்டம் அளித்த இந்த உரிமை செங்கல் வியாபாரிக்குப் பயன்படலாமேயன்றிக் குடியிருக்கும் குடும்பத்துக்குப் பெரிதாக ஆகாது.

காலம் முடிந்த பிறகும் நிலக்காரர் தரை வாடகையை வாங்கிக்கொண்டே வந்தால் நிலைமை வேறு. அப்போது குத்தகை தொடர்வதாகக் கொள்ளப்படும். ஆனால் எவ்வளவு காலத்துக்கு? பலர் இன்னும் ஒரு 99 ஆண்டு கிடைத்துவிட்டதாக எண்ணி மகிழ்கிறார்கள். அது பெரும் பிழை. குடியிருப்புக்கான குத்தகை இவ்வாறு தொடரும்போது, மாறான உடன்பாடு இல்லையெனில், அது மாதத்துக்கு மாதம் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறது. மாதக் குத்தகையைப் பொதுச் சட்டப்படி 15 நாள் அறிவிப்பில் முடித்துவிடலாம். மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டின் உரிமை, ரசீது வாங்கியதனால் காப்பாற்றப்பட்டதாகத் தோன்றி, உண்மையில் 15 நாள் உரிமையாகச் சுருங்கிக் கிடக்கிறது. நிலக்காரர் நல்லவராக இருக்கும்வரை இதன் கடுமை தெரியாது. அவர் காலமாகி, பிள்ளைகள் மனையை விற்க முற்படும் நாளில்தான் தெரியவரும்.

ஆகவே காலம் முடியுமுன்பே நீட்டிப்புப் பெற்றுவிட வேண்டும். இங்கே பத்திரத்தின் வாசகம் முக்கியமானது. நீட்டிப்பு என்பது ஒன்று. புதுப்பிப்பு என்பது வேறொன்று. பழைய குத்தகையே அறுபடாமல் தொடர்வது நீட்டிப்பு. பழையது முடிந்து, புதிய குத்தகை ஒன்று பிறப்பது புதுப்பிப்பு. உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் இந்த வேற்றுமையை எடுத்துக் காட்டி, புதுப்பிப்புக்குப் புதிய பத்திரம் எழுதப்பட்டாக வேண்டும் என்று உரைத்திருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தினாலன்றி உண்டாகாது என்பது சட்டம். நிலக்காரர் வெள்ளைத் தாளில் ‘இன்னும் 30 ஆண்டு இருந்துகொள்ளலாம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாலும், அவர் மனம் எவ்வளவு தூயதாக இருப்பினும், அத்தாள் 30 ஆண்டுக் குத்தகையைத் தந்துவிடாது. சார்பதிவாளர் அலுவலகத்தின் படியேறாத உறுதிமொழி குடும்பத்துக்கு ஆறுதல் தரலாம், உரிமை தராது.

சில பழைய பத்திரங்களில், குத்தகைதாரர் விரும்பினால் மேலும் இத்தனை ஆண்டுக்குப் புதுப்பித்துத் தரப்படும் என்ற ஷரத்து இருக்கும். அத்தகைய ஷரத்து கையில் இருப்பவர் பாக்கியவான்; ஆனால் அதையும் நம்பி உறங்கிவிடலாகாது. பெரும்பாலும் அந்த ஷரத்திலேயே, முடிவுக்கு இத்தனை மாதத்துக்கு முன்னால் எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்று ஒரு தவணையும் அடங்கியிருக்கும். கால்டெக்ஸ் என்ற எண்ணெய் நிறுவனம் தான் எடுத்திருந்த ஒரு குத்தகையில் அந்தத் தவணையைச் சில நாள் தவறவிட்டு, உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்றது. 1969ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் அவ்வழக்கைக் காணலாம். புதுப்பிக்கும் விருப்புரிமை நிலக்காரர் அளித்த சலுகையாதலால், அதைக் குறித்த காலத்தில், குறித்த முறையில் பயன்படுத்தியே தீர வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். வழக்கறிஞர்களை வரிசையாக வைத்துக்கொள்ள வல்ல பெரிய நிறுவனத்துக்கே மறதி மன்னிக்கப்படவில்லையென்றால், நாச்சாரத்தில் இருந்துகொண்டு சென்னை வீட்டை நிர்வகிக்கும் ஒருவர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஷரத்து ஏதும் இல்லாத பத்திரமாயின், நீட்டிப்பது நிலக்காரரின் விருப்பம். அவர் மறுத்துவிட்டால் வேறு துணை உண்டா என்றால், சென்னைக்கு மட்டும் ஒரு தனி வரலாறு உண்டு; அதைச் சற்று விரிவாகவே கூற வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் நிலம் சிலரிடம் குவிந்திருந்தது. வீடு வேண்டியவர்களோ பலர். மனையை வாங்க வசதி இல்லாதவர்கள் அடிமனையை வாடகைக்குப் பிடித்து, ஓடு வேய்ந்தோ கூரை போட்டோ, கையில் பணம் சேர்ந்தபின் மச்சு வைத்தோ வீடு கட்டிக்கொண்டார்கள். தரை வாடகையை ஒழுங்காகச் செலுத்தும்வரை நம்மை யாரும் எழுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அந்த வீடுகளுக்கு அஸ்திவாரம். நகரம் வளர்ந்து மனைகளின் விலை ஏறியதும் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. நிலக்காரர்கள் வழக்குத் தொடுக்கலானார்கள். நீதிக் கட்சியார் சென்னை மாகாணத்தில் அமைச்சு நடத்திய காலம் அது. 1921ஆம் ஆண்டுச் சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1922ஆம் ஆண்டின் மூன்றாம் எண் சட்டமாக வெளிவந்தது. தரை வாடகை செலுத்தினால் வெளியேற்றப்படமாட்டோம் என்று நம்பிக் கட்டியவர்களைக் காப்பதே தன் நோக்கம் என்று அச்சட்டம் தன் முகவுரையிலேயே கூறுகிறது. மக்களின் நம்பிக்கையைச் சட்டத்தின் முகவுரையில் ஏற்றிவைத்த அந்நாளைய சட்டசபையாரை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

அச்சட்டம் வாடகைதாரருக்கு இரண்டு கருவிகளைக் கொடுத்தது. முதலாவது, நிலக்காரர் அவரை வெளியேற்றினால் கட்டடத்தின் மதிப்பையும், அவர் நட்ட மரங்களின் மதிப்பையும் ஈடாகத் தர வேண்டும் என்பது. வழக்குத் தொடுக்குமுன் மூன்று மாத அறிவிப்பும் அவசியமாயிற்று. இரண்டாவது கருவி அதனினும் வலியது. வெளியேற்றும் வழக்கின் அழைப்பாணை கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் வாடகைதாரர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, மனையைத் தமக்கே விலைக்குத் தருமாறு கட்டளையிடக் கோரலாம். வீட்டை வசதியாக அனுபவிக்கக் குறைந்த அளவு எவ்வளவு நிலம் வேண்டும் என்பதை நீதிமன்றம் நிர்ணயிக்கும். கட்டளை நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுகளின் சந்தை மதிப்பைச் சராசரி செய்து விலை குறிக்கும். அதைச் செலுத்த மூன்று மாதத்துக்குக் குறையாமலும் மூன்று ஆண்டுக்கு மிகாமலும் தவணை அளிக்கும். நீட்டிப்புக் கேட்டு நிலக்காரரின் வாசலில் நின்றவரை மனைக்கே உரிமையாளராக்கும் வழி இது.

இத்தனை நன்மையும் எல்லாருக்கும் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. முதல் வரம்பு காலத்தைப் பற்றியது. 1980ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்கு முன்பே ஏற்பட்ட குத்தகைகளுக்குத்தான் சென்னை நகரில் இச்சட்டத்தின் காப்பு உண்டு. நம் பேரனின் குத்தகை 1931ஆம் ஆண்டினது. அந்த வேலியை அவர் தாண்டிவிடுகிறார்.

இரண்டாவது வரம்புதான் வெளியூர் வாழ்வோருக்குப் பொல்லாதது. நிலத்தையும் கட்டடத்தையும் வாடகைதாரர் நேரடியாகத் தம் அனுபவத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதை நீதிமன்றங்கள் வற்புறுத்தி வந்திருக்கின்றன. வீட்டைப் பிறருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, வாடகைப் பணத்தை மட்டும் பெற்று வருபவர், மனையை எனக்கு விலைக்குக் கொடுங்கள் என்று கேட்டால், குடியிருக்க இடமில்லாதவரைக் காக்க வந்த சட்டம் அவருக்கு ஏன் துணை நிற்க வேண்டும் என்ற வினா எழுகிறது. அந்த வினாவில் நியாயம் இருக்கிறது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பேரனின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தார். பூட்டிக் கிடந்தால் கறையான் தின்றுவிடும் என்று ஒரு குடும்பத்தைக் குடிவைத்தார். அந்தச் சாதாரணச் செயலே தம் உரிமையின் வேரைத் தொட்டுவிடும் என்று அவர் எவ்வாறு அறிவார்? தாயாரோ தமையனாரோ அவ்வீட்டில் தங்கியிருந்தால் வழக்கின் முகமே மாறக்கூடும். ஆகவே அடிமனை வீடு உடையவர்கள் அதை வாடகைக்கு விடுவதற்கு முன்பு ஒருமுறை வழக்கறிஞரைக் கலந்துகொள்வது அறிவுடைமை.

மூன்றாவது வரம்பு மனை எவருடையது என்பதைப் பற்றியது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பகுதிகளில் அடிமனைகளில் பல கோயில்களுக்கு உரியவை. 1996ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மற்றொரு திருத்தம், சமய நிறுவனங்களின் நிலங்களை இச்சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. விளக்கெரிக்கவும் பூசை நடத்தவும் முன்னோர் எழுதிவைத்த நிலங்கள், வாடகைதாரர்களின் விலைக்கோரிக்கையால் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போகின்றன என்ற கவலையே அதற்குக் காரணம். மயிலாப்பூர் கிளப் அத்திருத்தத்தை எதிர்த்து வழக்காடியது. 2005ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆக, ஒரே தெருவில், ஒரே ஆண்டில், ஒரே விதமான பத்திரத்தின்மேல் எழுந்த இரண்டு வீடுகளை எடுத்துக்கொண்டால், தனியார் மனையில் நிற்கும் வீட்டுக்கு ஒரு கதி, கோயில் மனையில் நிற்கும் வீட்டுக்கு வேறொரு கதி.

கோயில் மனையில் உள்ளவர் நீட்டிப்புக்கு யாரை நாட வேண்டும்? 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலைய ஆணையரின் அனுமதி வேண்டும். அது கோயிலுக்கு அவசியமானது அல்லது நன்மையானது என்று அவர் கருதினாலன்றி அனுமதி கிடையாது. அனுமதியின்றி எழுதிய நீண்ட குத்தகை செல்லாது. தர்மகர்த்தா நம் குடும்ப நண்பர், அவர் வாய் வார்த்தை சொல்லிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் கொடுக்க முடியாததை அவர் கொடுத்ததாக எண்ணியிருக்கிறோம். தரை வாடகையும் இப்போது பழைய அளவில் நிற்பதில்லை. இணை ஆணையர், கோயிலின் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் ஆகியோர் அடங்கிய குழு சந்தை நிலவரத்தை ஒட்டி வாடகையை நிர்ணயிக்கவும், மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றி அமைக்கவும் அச்சட்டத்தில் இடம் செய்யப்பட்டிருக்கிறது. நிர்ணயம் மிகையெனக் கருதினால் ஆணையரிடம் முறையிடலாம். வாடகை உயர்ந்ததைக் கண்டு சினந்து, செலுத்துவதையே நிறுத்திவிடுவோர் உண்டு. நிலுவை ஏறிய பிறகு நீட்டிப்புக் கேட்பவருக்கு எந்த அலுவலகத்திலும் நல்ல முகம் கிடைக்காது.

இவையெல்லாம் சென்னைச் செய்தி. நாச்சாரத்துக்கு இதனால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். ஐதராபாத்துக்கும் குத்தகை நிலம் புதிதன்று. நிஜாம் காலத்துத் தொழிற்பேட்டையான ஆஜமாபாத்தில் ஆலைகளுக்குக் குத்தகையாக விடப்பட்ட நிலங்களைப் பற்றிய சிக்கல் முற்றி, அக்குத்தகைகளை முடிப்பதற்கும் ஒழுங்குபடுத்துவதற்கும் என்றே 1992ஆம் ஆண்டில் ஆந்திர சட்டசபை ஒரு தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் தெலங்கானா அரசு, நகரின் பழைய தொழிற்பேட்டை நிலங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு குடியிருப்பு முதலிய பிற பயன்களுக்கு மாற்ற அனுமதிக்கும் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதில் பேசப்பட்ட பேட்டைகளுள் நாச்சாரமும் ஒன்று. அக்கொள்கையின் நன்மை தீமைகளைப் பற்றி அரசியல் மேடைகளில் காரசாரமாகப் பேசினார்கள். நாம் அதில் இறங்க வேண்டுவதில்லை. ஆலை நின்ற இடத்தில் அடுக்குமாடி எழும் நாளில் அங்கே ஓர் இல்லம் வாங்க நினைப்பவர், சலவைக்கல் தளத்தையும் மின்தூக்கியையும் பார்ப்பதற்கு முன்னால், இந்த நிலம் கட்டுபவருக்குக் கிரயத்தில் வந்ததா, குத்தகையில் வந்ததா, குத்தகையெனில் எத்தனை ஆண்டு மீதி என்று கேட்டாக வேண்டும். அடியில் உள்ள நிலத்துக்கு 40 ஆண்டு மீதி இருந்தால், மேலே உள்ள இல்லத்துக்கும் 40 ஆண்டுதான்.

காலம் முடிந்தால் நிலக்காரர் உண்மையிலேயே எடுத்துக்கொள்வாரா, மனிதாபிமானம் இராதா என்று ஐயுறுவோருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு செய்தி. கேலாங் வட்டாரத்தில் லோரோங் 3 என்ற இடத்தில் 60 ஆண்டுக் குத்தகை நிலத்தில் 191 தனியார் வரிசை வீடுகள் இருந்தன. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசு, இக்குத்தகை நீட்டிக்கப்படமாட்டாது என்று அறிவித்தது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் காலம் முடிந்தது. நிலம் இழப்பீடின்றி அரசைச் சேர்ந்தது. அந்நாட்டில் குடியிருப்பு மனை ஒன்றின் குத்தகை முழுவதும் ஓடி முடிந்து அரசிடம் திரும்பியது அதுவே முதல் முறை. அரசின் பக்கத்தில் வன்மம் ஏதும் இல்லை. நிலம் குறைந்த தீவு. புதிய வீடுகள் கட்ட அந்த இடம் வேண்டியிருந்தது. பத்திரத்தில் இருந்ததும் 60 ஆண்டுதான். ஆயினும் அந்தச் செய்தி, சிங்கப்பூரில் அரசு கட்டிய 99 ஆண்டுக் குத்தகை வீடுகளில் வாழும் பெருவாரியான மக்களை, அவர்களுள் நம் தமிழரையும், உலுக்கிவிட்டது. அடுத்த ஆண்டே, ஏறத்தாழ 70 ஆண்டு முதிர்ந்த வீட்டுத் தொகுதிகளில் குடியிருப்போர் வாக்களித்து இசைந்தால், காலம் முடியுமுன் அரசு திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டம் ஒன்றை அந்நாட்டுத் தலைமை அமைச்சர் அறிவித்தார்.

இங்கிலாந்தின் வழி வேறு. அங்கே அடுக்குமாடி இல்லங்களில் மிகப் பல குத்தகைக்கு உரியவை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய இல்லத்தின் உடைமையாளருக்கு, உரிய விலை கொடுத்து இருக்கும் காலத்தோடு 90 ஆண்டைக் கூட்டிக்கொள்ளும் உரிமையை அளித்தது. நீட்டித்த பிறகு தரை வாடகை ஒரு மிளகு என்றும் விதித்தது. ஒன்றுமில்லை என்பதை அந்நாட்டு வழக்கில் அப்படிச் சொல்வார்கள். மலையாளக் கரையிலிருந்து கப்பலேறிப் போய்ப் பொன் விலைக்கு விற்ற மிளகு, இலண்டனில் ஒன்றுமில்லாததற்கு அளவுகோலாக முடிந்ததைக் கண்டு நாம் சிரித்துக்கொள்ளலாம். 2024ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் 90 என்பதை 990 ஆண்டாக்க வகை செய்திருக்கிறது. அதன் பகுதிகள் ஒரே நாளில் அல்லாமல் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைந்தவை. டில்லியில் 1992ஆம் ஆண்டு முதல், வளர்ச்சிக் குழுமத்தின் குத்தகை வீடுகளைக் கட்டணம் செலுத்திச் சொந்த நிலமாகவே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு செய்யப்பட்டது. சிங்கப்பூர் நீட்டிக்க மறுத்தது. இங்கிலாந்து நீட்டிப்பை உரிமையாக்கியது. டில்லி குத்தகையையே கழற்றிவிட வழி செய்தது. சென்னையிலோ பத்திரம், நிலக்காரர், காலம், அனுபவம் ஆகிய நான்கும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

இனி விலையைப் பற்றி. நீட்டிப்புக்கு நிலக்காரர் ஏன் பணம் கேட்கிறார்? காலம் முடிந்ததும் மனை தம்மிடம் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பு அவருக்குச் சொத்து. அதை ஒத்திப்போடச் சொல்லும்போது அதற்கு ஈடு கேட்கிறார். இன்னும் 60 ஆண்டு மீதி இருக்கும்போது அந்த எதிர்பார்ப்பு அவருடைய பேரன் காலத்துச் செய்தி. அதற்கு அவர் பெரிய விலை வைக்கமாட்டார். மூன்று ஆண்டே மீதி எனில், மனையின் முழு மதிப்பும் அவர் கண்முன் நிற்கிறது. மீதி ஆண்டு குறையக் குறையக் கேட்கும் தொகை ஏறும். வீட்டின் விற்பனை மதிப்பு இறங்கும். கடன் கொடுக்கும் வங்கியும் பின்வாங்கும். இங்கிலாந்தின் பழைய முறையில் 80 ஆண்டு என்பதையே ஒரு கோடாக வைத்திருந்தார்கள். மீதிக் காலம் அதற்கு மேல் இருந்தால் நீட்டிப்புக்கு ஒரு கணக்கு, அதைத் தாண்டிக் குறைந்தால் நிலக்காரருக்கு மேலும் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கும்படியான கணக்கு. நம் நாட்டில் அத்தகைய கோடு எதுவும் இல்லை. ஆயினும் கணக்கின் போக்கு ஒன்றுதான். பாட்டனார் கேட்டிருந்தால் மலிவு. தந்தையார் கேட்டிருந்தால் நியாயம். பேரன் கேட்கும்போது எதிரே இருப்பவர் விலையைச் சொல்லுகிறார். இருந்தாலும் முடிவுக்கு மறுநாள் கேட்பதைவிட இன்று கேட்பது எவ்வளவோ மேல். இன்று அவர் குத்தகைதாரர். மறுநாள் வெறும் அனுபவக்காரர்.

ஆகவே நம் பேரன் செய்யத்தக்கவை இவை. சென்னை சென்று, உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் 1931ஆம் ஆண்டுப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் வில்லங்கச் சான்றையும் பெற வேண்டும். நிலம் இன்று எவர் பெயரில் இருக்கிறது, இடையில் கைமாறியதா, கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ எழுதிவைக்கப்பட்டதா என்பது அப்போது தெரியவரும். பாட்டனாரின் வாரிசுகள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, அத்தைமார் பங்கையும் விடாமல், எல்லாருடைய இசைவையும் எழுத்தில் பெற வேண்டும். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு வாங்கிய நீட்டிப்பில் மற்றவர் வழக்குத் தொடுத்தால் நிலக்காரருக்குக் கொண்டாட்டம். தரை வாடகை நிலுவை இருந்தால் செலுத்திவிட்டு ரசீதுகளை ஆண்டுவாரியாக அடுக்கிக்கொள்ள வேண்டும்.

நிலக்காரரோடு வாய்ச் சண்டை மூண்டால், கோபத்தில் ஒன்று மட்டும் சொல்லக் கூடாது: ‘நீ யார் இந்த மனைக்கு?’ நிலக்காரரின் உரிமையையே மறுப்பது குத்தகையைப் பறிமுதல் செய்யச் சட்டம் ஒப்புக்கொண்ட காரணங்களில் ஒன்று. எழுத்தில் அச்சொல் ஏறிவிட்டால் பின்பு எதிர் வழக்கறிஞர் அதை மன்றத்தில் உரக்கப் படிப்பார்.

வீட்டில் குடியிருக்கும் வாடகைக் குடும்பத்தின் ஒப்பந்தம் முடியும்போது, அதைத் தொடர்வதா, தம் குடும்பத்தார் ஒருவரைக் குடிவைப்பதா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். அதன் பிறகு நிலக்காரருக்கு, கோயிலாயின் செயல் அலுவலருக்கும் ஆணையருக்கும், நீட்டிப்பு வேண்டி விண்ணப்பம் எழுதி, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் அஞ்சலில் அனுப்ப வேண்டும். எத்தனை ஆண்டு வேண்டும், எந்த வாடகைக்கு இசைகிறார் என்பவை அதில் தெளிவாக இருக்கட்டும். இசைவு கிடைத்தால், தொகையைக் கொடுக்கும் நாளும் பத்திரம் பதியும் நாளும் ஒன்றாகவே அமையட்டும். விண்ணப்பத்தோடு பாட்டனாரின் மூலப் பத்திரத்தை அனுப்பிவிட வேண்டாம். சான்றிட்ட நகலே போதும். மூலம் நாச்சாரத்து இரும்புப் பெட்டியிலேயே இருக்கட்டும்.